தலையசைத்தால் போதும்

பைம்போல், 2 செப்டம்பர் 2014

அன்புத் தங்கை தெனீசுக்கு,

நான் நலம். உன் நலமும் ரெழானுடைய முழங்காலின் நலமும் அறிய ஆவல். போன கடிதத்தில் வைத்தியரிடம் போனதை எழுதிவிட்டு அவர் என்ன சொன்னார் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறாய். தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் நம் இருவருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு மதாம் லெ கால் வீட்டைக் காலி செய்கிறாள். அவளோடு வாழ்ந்த கிழவர் போன வருடம் இறந்தார் அல்லவா? வீடு அவருடைய அண்ணன் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. நேற்று அவளுடைய கண்ணாடி அலமாரியை இரண்டு பேர் வண்டியில் ஏற்றினார்கள். அவள் நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த நாற்காலியையும் கேட்டு வாங்கி ஏற்றினார்கள்.

ஜன்னலருகில் நின்றிருந்த அர்மான், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னையும் இப்படித்தான் வண்டில ஏத்துவாங்க. காயெல் என் பொண்ணுதான். ஆனா அவங்க அம்மா மூக்கோட அவங்க அம்மா கோபத்தையும் சேத்து வாங்கிட்டு வந்திருக்கா" என்றார். உயில் எழுதப் போகிறாராம். அக்டோபர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமைக்கு நோட்டரியிடம் நேரம் வாங்கிவிட்டார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்காக ஒட்டிக்கொண்டேன் என்று அந்தப் பெண் நினைப்பாள். நானும் அர்மானும் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ, கோர்ட்டில் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அது போதாதா? நீயும் ரெழானும் சிவில் இணைப்பு செய்துகொண்டவர்கள். போதாததற்கு நீ நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். உனக்குத் தெரிந்திருக்கும். ஒழுங்காக யோசித்து எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஓதில்


ரிமுஸ்கி, 16 செப்டம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்காலுக்கு வைத்தியர் சொன்னது: எடை குறைய வேண்டும். வாக்கியத்தை முடித்துவிட்டேன், திருப்திதானே? ரெழான் அன்று மாலையே அதைக் கொண்டாட ஒரு முழுக் கேக்கைச் சாப்பிட்டார், மேப்பிள் மரப்பாகோடு.

நீ எதற்கு இப்படிப் பயப்படுகிறாய்? கையெழுத்துப் போடாமல் சும்மா சேர்ந்து வாழ்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. மதாம் லெ கால் நிச்சயம் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். எங்கள் அலுவலகத்தில் இதை எத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறேன் தெரியுமா? சிவில் இணைப்பில் இருக்கிறவருக்குக் கணவன் மனைவிக்கு உள்ள எல்லா உரிமையும் உண்டு. உயில் இல்லாவிட்டாலும் வாரிசு. பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான்.

அதனால் உயில் உயில் என்று அத்தானை அலைக்கழிக்காதே. அக்டோபரில் கடல் வெகுதூரம் உள்வாங்கும் பெரிய வற்றுக்கடல் வருமே, இருவரும் மட்டி பொறுக்கப் போங்கள். எனக்கும் சேர்த்துச் சாப்பிடு.

முத்தங்களுடன்,
தெனீஸ்


பைம்போல், 12 அக்டோபர் 2014

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். உயில் எழுதினால்தான் தூக்கம் வரும் என்று முதலில் முறுக்கினார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். நோட்டரியிடம் போக வேண்டிய அதே வியாழக்கிழமைதான் வற்றுக்கடலும். "சரி, உன் தங்கச்சி சட்டம் படிச்சவ, நான் என்ஜின் படிச்சவன்" என்று சொல்லி நோட்டரிக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்றுவிட்டார். கடல் கலங்கரை விளக்கம் வரைக்கும் பின்வாங்கியிருந்தது. வாளி நிறைய மட்டி. அவர் ஒரு பாறைக்கடியில் கையை விட்டு நண்டு பிடித்து, அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, மடத்துத் தலைமைச் சகோதரிக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். எழுபத்தாறு வயது.

ஒரு திருத்தம். அவரை அத்தான் என்று எழுதாதே. உனக்கு அத்தான் எத்தியென் ஒருவர்தான். நான் எத்தியெனின் விதவை, அப்படியேதான் கையெழுத்திடுகிறேன். அர்மான் என்று எழுது.

அன்புடன்,
ஓதில்


ரிமுஸ்கி, 20 நவம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மாதத் தொடக்கத்தில் நான் எழுதியதற்கும் பதில் இல்லை. அர்மான் என்று எழுதச் சொன்னாய், எழுதினேன். அதற்கும் மேலா கோபம்?

தொலைபேசி வாங்கிய காலத்திலிருந்தே நீ அதைச் சாவுச் செய்திக்கும் பல் வைத்தியருக்கும் மட்டும்தான் எடுப்பாய். மூன்று நாளாக அடித்துப் பார்க்கிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு அஞ்சலட்டையாவது போடு.

தெனீஸ்


பைம்போல், 30 நவம்பர் 2014

தங்கை தெனீசுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி.

அர்மானுக்கு அக்டோபர் கடைசியில் பக்கவாதம் வந்தது. சூப் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனவர் வைக்கவில்லை, போட்டார். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. கேட்டால் தலையை ஆட்டுகிறார். இடக்கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள், கோடு வருகிறது, எழுத்து வரவில்லை. நான் காலையில் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய் மாலையில் திரும்புகிறேன்.

ரென் நகரத்திலிருந்து காயெல் வந்தாள். நடைபாதையில் காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மரியாதையாகவே பேசினாள். "நீங்க போகணும்னு நான் சொல்லல மதாம். எப்போ போவீங்கன்னு தெரிஞ்சா எனக்குத் திட்டம் போட வசதியா இருக்கும்." அப்பா இன்னும் உயிரோடிருக்கிறார் என்றேன். "அதான் இப்பவே கேக்குறேன், அப்புறம் கேட்டா அழகா இருக்காது" என்றாள்.

அதன்பின் நோட்டரியைப் பார்த்தேன். எங்கள் துணை ஒப்பந்தத்தில் ஒருவர் இறந்தால் மற்றவர் வாரிசு இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தாலும் இல்லை. வீட்டில் ஒரு வருடம் இருக்கலாம், அவ்வளவுதான். உயில் இருந்தால் மட்டும் மிச்சம். உயில் என்றால் அவர் தன் கையால் எழுத வேண்டும், இல்லையென்றால் நோட்டரி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதவும் முடியாது, சொல்லவும் முடியாது என்றால்? நோட்டரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதாம் லெ காலும் கையெழுத்துப் போட்டவள்தானாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீ எழுதியது அங்கே உங்கள் கெபெக் சட்டம், ஃபிரான்ஸ் சட்டம் அல்ல. அங்கே அது சரியாகவே இருக்கும்.

ஓதில்


ரிமுஸ்கி, 11 ஜனவரி 2015

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ரெழானின் முழங்கால் தேவலை. நான் சரியாகத் தூங்குவதில்லை.

பழைய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என்னோடு வேலை பார்த்த பெண் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஃபிரான்ஸ்ல அது வேற மாதிரிடி. அங்க அது கல்யாணத்துக்குத் தம்பியும் இல்ல, தூரத்துச் சொந்தம்" என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். சொல்லட்டும்.

இங்கே வந்துவிடு. கடல் தெரியும் அறை ஒன்று சும்மாதான் கிடக்கிறது. வர மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். அதனால் இன்னொன்றும் கேட்கிறேன். திருமணம் செய்துகொண்டால் என்ன? மருத்துவமனையிலேயே நடத்த முடியுமாமே?

பதில் எழுது. திட்டியாவது எழுது.
தெனீஸ்


பைம்போல், 25 ஜனவரி 2015

தங்கை தெனீசுக்கு,

எனக்கு இருமல் இருந்தது, போய்விட்டது. நீ தூங்காமல் இருப்பதால் இங்கே ஒன்றும் மாறப் போவதில்லை. தூங்கு.

நீ கேட்டதை நோட்டரியும் சொன்னார். உயிலுக்குக் கை வேண்டும் அல்லது வாய் வேண்டும். திருமணத்துக்குத் தலையசைத்தால் போதும். அரசு வழக்கறிஞர் அனுமதி தந்தால், நகராட்சியிலிருந்து கட்டிலுக்கே வருவார்கள். நான் மனைவி ஆகிவிட்டால் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், வீட்டில் கால் பங்கும் எனக்கு. ஒன்பது வருடம் கொடுக்காததை ஒரு தலையசைப்பு கொடுக்கும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று தெரியவில்லை.

நான் முடியாது என்றேன்.

காரணம் உனக்குத் தெரியும், மறந்திருப்பாய். அர்மான் கோயிலில் மணமுடித்து, கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவர். முதல் மனைவி துலூசில் திடமாக இருக்கிறாள். திருச்சபைக்கு அவர் இன்னும் அவளுடைய கணவர். அவரை நான் மணந்தால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது பங்குத்தந்தையிடம் போய், இது வாடகை ஒப்பந்தம் போல ஒன்று, இருவரும் செலவைப் பகிர்ந்து வாழ்கிறோம், அறைகள் தனித்தனி என்றேன். பெரியவர். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பீடத்துக்குப் பூ வைக்கும் வேலை என்னிடமே இருந்தது.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான் பூசை முடிந்து வந்ததும், அர்மான் அடுப்படியில் ஆட்டுத்தொடையைப் புரட்டிக்கொண்டே கேட்பார்: "உங்க ஆளு உயிர்த்தெழுந்துட்டாரு. இன்னிக்காவது என்னைக் கட்டிக்கிறியா?" தெய்வ நிந்தனை என்று நான் கையுறையைக் கழற்றாமலே மாடிக்குப் போய்விடுவேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை இராது.

மறுமணம் செய்தால் எத்தியெனின் கப்பல் பட்டறை ஓய்வூதியமும் நின்றுவிடும். பெயரும் போகும். இத்தனையும் ஒரு கூரைக்காக.

ஓதில்


ரிமுஸ்கி, 5 பிப்ரவரி 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

சட்டத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுத மாட்டேன், அந்தத் தகுதி போய்விட்டது. ஆனால் உன் கடிதத்தை ரெழானுக்கு வாசித்தபோது அவர் கேட்டதை எழுதுகிறேன். "அந்த மனுஷன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

நோட்டரியிடம் கேட்டாய். காயெல் உன்னிடம் கேட்டாள். உன் கடிதத்தில் அர்மானை யாரும் எதுவும் கேட்டதாக இல்லை.

தெனீஸ்


பைம்போல், 15 மார்ச் 2015

அன்புத் தங்கைக்கு,

நலம். அவர் மெலிந்துகொண்டு வருகிறார். விழுங்குவது கடினமாகிவிட்டது.

நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் பேருந்தில் போகும்போதெல்லாம் உனக்குப் பதில் எழுதினேன், மனதில். மூன்றாம் நாள் அவருக்கு முகம் துடைத்துவிட்டு, கிளம்பக் கையுறையை மாட்டிய பிறகு, கதவைச் சாத்திவிட்டு, கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத முடியாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் என் கையுறையைப் பிடித்து, விரல் விரலாக இழுத்துக் கழற்றினார். வெகுநேரம் பிடித்தது.

போன செவ்வாய்க்கிழமை திருமணம் நடந்தது. அனுமதி வர மூன்று வாரம் ஆயிற்று. தலைமை மருத்துவர் நினைவு தெளிவு என்று சான்று கொடுத்தார். துணை மேயர் மதாம் ரோலான் மூவர்ணப் பட்டை அணிந்து வந்தாள். மருந்துக்கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். பக்கத்துக் கட்டில்காரர் தொலைக்காட்சியை நிறுத்த ஒப்புக்கொண்டார், படத்தை அல்ல, ஒலியை மட்டும். சாட்சிக்கு ஒரு தாதியும் நோட்டரியின் குமாஸ்தாவும். காயெல் வந்திருந்தாள். உள்ளே வரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். திருமணத்தைத் தடுத்துப் பேச வந்தவள் என்று நினைத்தேன். அவள் தன் அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

கோர்ட்டில் அன்று எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுத்தர் காகிதத்தை நகர்த்தினார், கையெழுத்துப் போட்டோம், அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இங்கே கேட்கிறார்கள் தெனீஸ். பெயரைச் சொல்லி, எல்லார் முன்னாலும், சத்தமாக.

மதாம் ரோலான் கேள்வியை முடிக்கும் முன்பே அவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். நிறுத்தவில்லை. அவள், "ஒரு தடவை போதும் முசியே. மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாள். தாதி சிரித்துவிட்டாள். காயெல் நடைபாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு மதாம் ரோலான் என்னைக் கேட்டாள். மடத்தில் மறைக்கல்வி ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். வார்த்தை தெளிவாகவே வந்தது.

மறுநாள் பங்குத்தந்தையிடம் நானே போய்ச் சொன்னேன். இப்போது இருப்பவர் இளையவர். இனி எனக்கு நற்கருணை இல்லை என்று வருத்தமாகத்தான் சொன்னார். பூ வைக்கும் வேலையை மதாம் கெமெனெரிடம் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு உயரம் எது, தாழ்வு எது என்று தெரியாது. நற்கருணை நேரத்தில் எல்லாரும் வரிசையில் போகும்போது நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போதுதான் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

கூரை உறுதியாகிவிட்டது. நீ நிம்மதியாக இரு.

ஓதில்


ரிமுஸ்கி, 14 ஏப்ரல் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நீயே தொலைபேசியில் கூப்பிட்டபோதே தெரிந்துவிட்டது. நீ பேசியது இரண்டு வாக்கியம். நான் அழுததால் அதையும் சரியாகக் கேட்கவில்லை.

அத்தானை நல்லபடி அடக்கம் செய்தீர்களா? இந்தமுறை திருத்த மாட்டாய் என்று நினைக்கிறேன். பூசை வேண்டாம் என்று அவர் எப்போதும் சொல்வாரே, அப்படியே விட்டாயா? காயெல் எப்படி நடந்துகொண்டாள்? நீ சாப்பிடுகிறாயா?

பங்குத்தந்தையைப் பற்றி ஒன்று. அத்தான் இறந்துவிட்டதால் இப்போது தடை எதுவும் இல்லை என்று இங்கே எங்கள் கோயில் சாமியார் சொல்கிறார். நீ மறுபடி விதவை. பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நற்கருணை வாங்கலாமாம். இதைச் சட்டமாக எழுதவில்லை, கேட்டதை எழுதுகிறேன். நீயே அங்கே விசாரித்துக்கொள்.

ரெழான் உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார். அவரும் எதையும் நம்பாதவர்தான்.

தெனீஸ்


பைம்போல், 28 ஜூன் 2015

அன்புத் தங்கைக்கு,

நான் நலம், சாப்பிடுகிறேன். உங்கள் இருவரின் நலமும் அறிய ஆவல். இத்தனை வாரம் எழுதாததற்கு நோய் காரணமில்லை.

அடக்கத்தில் பூசை வைக்கவில்லை. துறைமுகத்துப் பழைய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ஏதோ பேச எழுந்து, என்ஜின் ஒன்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் கால் பங்கு எனக்கு, முக்கால் பங்கு காயெலுக்கு. நான் இருக்கும்வரை அவளால் விற்க முடியாது. என்னாலும் என் பங்கோடு எங்கும் போக முடியாது. அவள் சனிக்கிழமைகளில் வருகிறாள். மாடியில் அவள் சிறுவயதில் படுத்த அறையின் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்து அடுப்படியில் உட்காருகிறாள். முதலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "எங்க அம்மா இந்த வீட்ட விட்டுப் போனப்போ அப்பா வாசல் வரைக்கும்கூட வரல. உங்களுக்கு மட்டும் அப்படித் தலையாட்டினாரு" என்றாள் ஒருநாள். அவளுக்குக் காபி ஊற்றினேன், அவள் குடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் அனுப்ப முடியாதவர்கள்.

நீ சொன்னது இந்தமுறை சரி. தடை இல்லை. போன சனிக்கிழமை பங்குத்தந்தை உட்காரும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போனேன். கோபப்பட்டதைச் சொன்னேன், பெருமையைச் சொன்னேன், முந்தைய பங்குத்தந்தையிடம் அறைகளைப் பற்றிச் சொன்னது முழு உண்மை இல்லை என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தக் கல்யாணத்துக்காகவும் மனசு வருந்தி மனஸ்தாபப்படுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அது போதும். நாளைக்கே நற்கருணை வாங்கலாம்" என்றார்.

ஒரு வார்த்தைதான். யாருக்கும் நஷ்டமில்லை, அர்மானுக்கும் கேட்கப் போவதில்லை. உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஏழு வயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்வேன். தொடங்கினேன். பாதியில் வாய் நின்றுவிட்டது.

"மனஸ்தாபம் இருக்கு சாமி. ஆனா பண்ணினதுக்கு இல்ல. அத்தனை ஈஸ்டரும் பண்ணாம விட்டதுக்கு" என்றேன்.

வலைக்கு அந்தப்பக்கம் அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பாவமன்னிப்பு கொடுக்க முடியாது, அது பாவம் இல்லை என்றார். மற்றதற்கு, நான் அந்த வார்த்தையைச் சொல்லாதவரை கொடுக்க முடியாது என்றார். மெதுவாகவே சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பின்னால் இரண்டு பேர் காத்திருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பூசைக்கும் போனேன். என் இடத்திலேயே உட்கார்ந்தேன். வரிசை புறப்பட்டபோது முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். எல்லாரும் போனார்கள்.

ரெழானிடம் சொல், அவர் கேட்டது சரியான கேள்வி என்று.

உன் அக்கா,
ஓதில்